கழுத்துக் கணக்கு

எனக்கு வரவேண்டியது நாலாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து. மேஸ்திரியைக் கேட்டால் அப்படி ஒரு கடனே இல்லை என்பான். அவன் நோட்டில் இல்லை. என் நோட்டில் இருந்தது.

நான் மலைக்குச் சுமை தூக்குகிறவள். வண்டிப் பாதை அடிவாரத்துக் கொட்டகையோடு நின்றுவிடும். அதற்கு மேலே எது போகவேண்டுமென்றாலும் எங்கள் தலையில்தான் போகவேண்டும். கூலி கிலோவுக்குப் பதினைந்து, ஏறினாலும் இறங்கினாலும். முன்பெல்லாம் கொட்டகை உத்தரத்தில் ஒரு தொங்கு தராசு இருந்தது. பெரிய கொக்கி, வட்ட முகம், ஒரு முள். மூட்டையை மாட்டினால் முள் ஓடி ஒரு இடத்தில் நிற்கும். மேஸ்திரியும் பார்ப்பான், நாங்களும் பார்ப்போம், சீட்டு எழுதுவான். சண்டை வரும். ஆனால் சண்டை அரைக் கிலோவைத் தாண்டிப் போனதில்லை.

பிறகு முகாம் வந்தது.

முகாம் பெண்களுக்கானது. ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர் வேனில் வந்து இறங்குவார்கள். ஐந்து நாள் மலையில் இருப்பார்கள். எல்லோரும் படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள், ஆனால் தங்கள் உடம்பைத் தாங்களே பார்க்கப் பிடிக்காதவர்கள். ஒருத்திக்கு இடுப்பு, ஒருத்திக்குக் கை, ஒருத்திக்குப் பிள்ளை பெற்ற வயிறு. அறைக்குள் உட்கார வைத்துப் பேசினால் இது தீராது, பாறையில் ஏறி, கயிறு பிடித்து ஓடையைத் தாண்டி, கண்ணைக் கட்டிக்கொண்டு காட்டில் நடந்தால்தான் இந்த உடம்பு எதற்கென்று உடம்புக்கே புரியும் என்பது முகாம் நடத்துகிற மேடத்தின் நம்பிக்கை. மேடம் கெட்டவர் இல்லை. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. முகாமுக்கு அவர் மூன்று சட்டம் வைத்திருந்தார்: கண்ணாடி கூடாது, தராசு கூடாது, குண்டு ஒல்லி என்ற பேச்சு கூடாது.

முதல் வேனில் வந்த ஒரு அம்மா இறங்கியதும் எங்கள் தொங்கு தராசைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கிவிட்டது. எங்களோடு சுமை தூக்குகிற கிழவர் ஒருவர் உண்டு, கழுத்து நீளம் என்பதால் ஒட்டகம் என்று பெயர். கொக்கியில் தன்னை மாட்டி நிறுப்பார்கள் என்று அந்த அம்மா பயந்துவிட்டதாக அவர் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மறுநாளே தராசைச் சாக்குப் போட்டு மூடினார்கள். இரண்டாவது முகாமுக்கு முன் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்.

அன்றிலிருந்து மேஸ்திரி எல்லாச் சுமைக்கும் ‘இருபது’ என்று எழுதினான். கண்ணளவு என்றான். ஒட்டகம் தன் சீட்டைப் பார்த்துவிட்டு, இந்த முகாமுக்கு வந்து சாமான்கூட உடம்பு இளைத்துவிட்டது என்றார்.

முகாம் சாமான் ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான். கயிறுப் பெட்டி, கூடார மூட்டை, அடுப்புப் பெட்டி. இதில் எது என் தலைக்கு வந்தாலும் தூக்கின அடுத்த நொடி எத்தனை கிலோ என்று என் கழுத்துக்குத் தெரியும். இருபத்தாறு வருடத் தொழில். கயிறு முப்பத்தைந்து, கூடாரம் முப்பத்து மூன்று, அடுப்பு முப்பத்திரண்டு. நாற்பது வயதுக்கு மேல் மகளிடம் எழுத்தும் கணக்கும் கற்றுக்கொண்டவள் நான். அவளுடைய பழைய பள்ளி நோட்டின் பின்பக்கத்தில், என்றைக்கு எந்தப் பெட்டி, அவன் எழுதியது எவ்வளவு, என் கழுத்து சொன்னது எவ்வளவு என்று எழுதி வந்தேன். ஆறு முகாமில் இருபத்து மூன்று சுமை. கயிறு ஒன்பது தடவை, கூடாரம் பத்து, அடுப்பு நாலு. அவன் குறைத்த கிலோவையெல்லாம் கூட்டிப் பதினைந்தால் பெருக்கினால் மேலே சொன்ன தொகை.

நோட்டைக் காட்டிக் கேட்டபோது மேஸ்திரி கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

“கழுத்துல முள்ளு வச்சிருக்கியாக்கா? எந்தக் கடையில வாங்கினே?”

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதுதான் இன்னும் என்னை அறுக்கிறது.

இரண்டு நாள் கழித்து மேடத்திடமே போனேன். நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார். இங்கே தராசு கொண்டுவருவது மட்டும் நடக்காது, முகாமின் உயிரே அதில்தான் இருக்கிறது, கூலி விஷயம் மேஸ்திரியின் பொறுப்பு என்றார். பிறகு வீட்டில் யார் யார் என்று விசாரித்தார். நான் மகளைப் பற்றிச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அந்த மாதம் முழுக்க என் மனதில் இருந்தது அவள் ஒருத்திதான். வேறு எதைச் சொல்ல?

மகளுக்கு இருபது வயது. என் உடம்பு வாகு, என்னைவிட ஒரு பிடி அகலம். துணிக்கடையில் வேலை. முதல் மாதம் முன்பக்கம் நின்று துணி எடுத்துக் காட்டினாள். இரண்டாவது மாதம் முதலாளி அவளைப் பின்பக்கம் மடிக்க அனுப்பிவிட்டார். அவள் கையில் பிடித்தால் எந்தத் துணியும் கைக்குட்டை மாதிரித் தெரிகிறதாம், வாங்குகிறவர்கள் பயந்துவிடுகிறார்களாம். கடைப் பெண்கள் அவளுக்கு ‘பீரோ’ என்று பெயர் வைத்தார்கள். முதல் சம்பளத்தில் அவள் ஒரு தராசு வாங்கி வந்திருந்தாள். கண்ணாடித் தட்டு, மேலே ஏறி நின்றால் காலடியில் சிவப்பாக எண் எரியும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஏறுவாள். முதலில் எண்பத்தாறு. பிறகு சாப்பாட்டைக் குறைத்தாள். பிறகு சாப்பாடு என்பதே காலையில் இரண்டு வாழைப்பழம் என்றாகிவிட்டது. எண் இறங்க இறங்க அவளுக்குத் தலை சுற்றியது, முடி கொட்டியது, மாதவிலக்கு நின்றது. நான் தட்டைக் கொண்டுபோய் வைத்தால், கடையிலேயே தின்றுவிட்டேன் என்பாள். பொய் சொல்லத் தெரியாத பெண், அதற்காகப் பொய் கற்றுக்கொண்டாள்.

இதைக் கேட்டு மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த முகாமில் ஒரு இடம் இலவசமாகத் தருகிறேன், கட்டணம் இருபத்து நாலாயிரம், உங்களிடம் ஒரு காசு வாங்கமாட்டேன் என்றார்.

“பணமா குடுத்தா நாலு நாள்ல கரைஞ்சிடும். இது அவளுக்கு ஆயுசுக்கும் நிக்கும். அந்தப் பழைய கணக்கையும் அதோட முடிச்சுக்கலாம், என்ன?”

மேஸ்திரி பக்கத்தில் நின்றிருந்தான். பேனாவை அவனே நீட்டினான். நான் அந்தக் கூட்டுத்தொகையின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டேன். ஏழாவது முகாமுக்கும் இருபதுதான் எழுதுவான் என்று தெரிந்தே ஒப்புக்கொண்டேன். அவள் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டால் போதும் என்று இருந்தது.

மகள் முதலில் மாட்டேன் என்றாள். குண்டச்சிகளுக்கு மலையில் என்ன வேலை என்றாள். நான் கெஞ்சவில்லை. என் பணம் போயாகிவிட்டது, நீயும் போகவில்லை என்றால் இரண்டும் போச்சு என்று சொன்னேன். கடையில் ஐந்து நாள் சம்பளமில்லாத லீவு எடுத்தாள்.

கொட்டகையில் முதல் வேலை பையைத் திறப்பது. கண்ணாடி வைத்திருப்பவர்கள் தாங்களாகவே எடுத்து ஒரு நீலத் துணிப்பைக்குள் போடவேண்டும், கடைசி நாளில் திருப்பித் தருவார்கள். பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் கைக்கண்ணாடி போட்டார்கள். என் மகள் பையிலிருந்து தராசை எடுத்தாள். அதைத் துணிக்குள் சுருட்டி அடியில் ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள். எனக்கே தெரியாது. மேடம் அவளைத் திட்டவில்லை. கட்டிப்பிடித்து, இது ரொம்பத் துணிச்சல் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். தராசைத் துணிப்பையில் போட முடியவில்லை, அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

மேலே போன பிறகு நான் அவளோடு பேசக்கூடாது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அவள் அங்கே கூலிக்காரி மகள் இல்லை, முகாமுக்கு வந்தவள். சுமை இல்லாத நேரத்தில் சமையல் எடுபிடியும் நாங்கள்தான், அடுப்புக் கூடாரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே பார்ப்பேன்.

இரண்டாம் நாள் ஓடையைத் தாண்டும் பயிற்சி. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போகவேண்டும். பேங்கில் அதிகாரியாக இருக்கிற ஒரு அம்மா பாதியில் நின்றுவிட்டார். ஒல்லியானவர், தன் கை குச்சி மாதிரி இருக்கிறதென்று முழுக்கைச் சட்டையைக் கழற்றாதவர். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. என் மகள் திரும்பித் தண்ணீரில் இறங்கி, அவரை ஒரு கையால் அணைத்துக்கொண்டு வந்து சேர்த்தாள். பிறகு இன்னும் மூன்று பேரை. கால் எங்கும் வழுக்கவில்லை. எங்கள் காலுக்கு அது தெரியும்.

சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். ஒரு கூழாங்கல் கைமாறி வரும். கல் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசவேண்டும், இன்றைக்குத் தன் உடம்பு என்ன செய்தது என்று சொல்லவேண்டும். பேங்க் அம்மா கல்லைப் பிடித்துக்கொண்டு, இன்று என் உடம்பைப் பற்றி இல்லை, இவள் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன் என்று என் மகளைக் காட்டினார். கல் அவள் கைக்கு வந்தது.

“இன்னிக்கு என் கை நாலு பேரைத் தூக்கிச்சு,” என்றாள். “எனக்குப் பசிக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. அன்று இரவு அவள் இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். இரண்டாவது தடவை நானே போட்டேன், வேறு யாருக்கோ போடுவதுபோல. அவளும் யாரையோ பார்ப்பதுபோல, “கொஞ்சம் போதும்மா” என்றாள். அந்தத் தட்டைக் கழுவாமல் கொஞ்சநேரம் வைத்திருந்தேன். நாலாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றைந்துக்கு அது மலிவு என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மேல் முகாமுக்கு ஏற்றம். கயிறுப் பெட்டி என் தலையில். சுமைக்காரர்கள் முன்னால் போகவேண்டும் என்பது வழக்கம், ஆனால் என் முழங்கால் காலையிலிருந்தே சரியில்லை, பின்தங்கிவிட்டேன். ஒற்றையடிப் பாதையில் செங்குத்தான இடத்தில் முழங்கால் அப்படியே மாட்டிக்கொண்டது. மடங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. ஒட்டகம் இருநூறு அடி மேலே இருந்தார். ஒரு சத்தம் கொடுத்திருந்தால் இறங்கி வந்திருப்பார். அதற்குள் முகாம்காரர்கள் என் பின்னால் வந்துவிட்டார்கள். அவர்களில் முதல் ஆளாக என் மகள்.

நான் செய்த தப்பு இங்கேதான். யோசித்துச் செய்யவில்லை. எங்கள் தொழிலில் முழங்கால் மாட்டினால் பக்கத்தில் இருக்கிற ஆளுக்குச் சுமையை மாற்றுவோம், அது யார் என்று பார்க்கமாட்டோம். தலை போகிற அவசரம். பக்கத்தில் யார் என்று நானும் பார்க்கவில்லை.

“பிடி,” என்றேன்.

அவள் பிடித்தாள். நான் என் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து, வியர்வையில் நனைந்து வட்டமாக இறுகிக் கிடந்த அந்தப் பழந்துணியை, என் கையாலேயே அவள் உச்சந்தலையில் வைத்தேன். ஒரு ஓரம் சரிந்திருந்தது. அதையும் சரிசெய்தேன். இருபது வருடம் அந்தத் துணி அவள் தலையில் ஏறிவிடக் கூடாது என்றுதான் தூக்கினேன். ஏற்றிவிட்டது நான்தான்.

பெட்டியோடு அவள் மேலே போய்ச் சேர்ந்தபோது பெண்கள் கைதட்டினார்கள். ராணி மாதிரி நடக்கிறாள் என்றார் ஒருத்தர். மேடம் போட்டோ எடுத்தார். பாறையின்மேல், தலையில் பெட்டியோடு, வானத்தைப் பின்னால் வைத்து. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது அப்போது விளையாட்டுதான்.

மறுநாள் காலையில் எனக்குக் கால் ஊன்ற முடியவில்லை. ஒரு ஆள் குறைந்துவிட்டது. மேஸ்திரி என்னைக் கேட்கவில்லை, அவளையும் கேட்கவில்லை, மேடத்தைக் கேட்டான். மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவளுக்கு இது இயல்பாக வருகிறது, எல்லோருக்கும் பாறை பயிற்சி என்றால் அவளுக்கு இதுவே பயிற்சியாக இருக்கட்டும் என்றார். நான் பாயில் கிடந்தபடி கேட்டேன். மேடம் மனதில் கள்ளம் இல்லை. எழுந்து நிற்க முடியாதவள் எதைப் பேசுவாள்?

அன்று முழுக்க அவள் தண்ணீர்க் கேனும் கூடார மூட்டையும் தூக்கினாள். மற்றவர்கள் பாறை ஏறினார்கள். அவள் கடைசிச் சுமையோடு வந்தபோது வட்டம் தொடங்கிவிட்டது. பதினோரு பேர் பதினோரு பேருக்கான வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வேண்டுமென்று நெருங்கி உட்காரவில்லை. அவள் கேனை இறக்கிவிட்டு, எங்கே உட்காருவது என்று பார்த்தபடி நின்றாள். அப்போது பேங்க் அம்மா, கல் வைத்திருந்தவர் பேசுவதையே கேட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், தன் தேநீர்க் குவளையைப் பின்பக்கமாக நீட்டினார். காலிக் குவளை.

மகள் வாங்கிக்கொண்டாள்.

அதைக் கழுவி வைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தாள். ஒட்டகம், “வா பாப்பா, இங்க வட்டம் கிடையாது, வரிசைதான்” என்று இடம் விட்டார். நான் தட்டு போட்டேன்.

“அங்கயே சாப்ட்டேன்,” என்றாள்.

எனக்கு அந்தப் பொய் தெரியும்.

ஐந்தாம் நாள் இறக்கம். என் காலுக்குத் துணி சுற்றி, ஒரு கம்பை ஊன்றி இறங்கினேன். கயிறுப் பெட்டி அவள் தலையில் வந்தது. கொட்டகையில் பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். மேடம் நீலப் பையைத் திறந்து, கண்ணாடி வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாதவர்கள் இங்கேயே விட்டுவிட்டும் போகலாம் என்றார். ஏழு பேர் விட்டுவிட்டார்கள். ஒவ்வொருவர் விடும்போதும் கைதட்டல்.

நான் மேஸ்திரியிடம் போய், அந்தக் கோட்டை எடுத்துவிடு என்றேன். இடம் தருகிறேன் என்றுதானே கணக்கை முடித்தோம், இரண்டு நாள் அவள் இடத்தில் அவள் இல்லையே, உன் சுமைக்குக் கீழேதானே இருந்தாள் என்றேன். போட்ட கோட்டை யார் எடுப்பார்கள் என்றான் அவன். மேடமும் வந்தார். என் தோளில் கைவைத்து, உங்கள் மகள் இங்கே பெற்றதற்குப் பணத்தில் அளவு கிடையாது என்றார். மேஸ்திரி அதையே பிடித்துக்கொண்டான்.

“அளவே இல்லாதப்ப என்னக்கா கணக்கு? உன் கழுத்தைக் கோர்ட்டுல கொண்டுபோய் நிறுத்தப் போறியா?”

“என் தராசைக் குடுங்க,” என்றாள் மகள்.

கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மேடம் முகம் வாடிவிட்டது. நீ இதை விட்டுவிட்டுப் போவாய் என்று நினைத்தேன் என்றார். அவள் கையை நீட்டியபடியே நின்றாள். அலமாரியைத் திறந்து கொடுத்தார்கள்.

சிமெண்டுத் தரையில், எல்லோருக்கும் நடுவில் அவள் அதை வைத்தாள். கயிறுப் பெட்டியைத் தூக்கி மேலே வைத்துப் பார்த்தாள். பெட்டி தட்டைவிடப் பெரியது, எண்ணை மூடிக்கொண்டது, ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் பெட்டியை இறக்கினாள். கொஞ்சநேரம் தட்டையே பார்த்தாள். எனக்கு என்ன செய்யப்போகிறாள் என்று புரிந்துவிட்டது. பெட்டியை நிறுக்கவேண்டுமென்றால் ஒரு ஆள் அதைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறவேண்டும். பிறகு பெட்டி இல்லாமல் ஏறவேண்டும். கழித்துக்கொள்ளவேண்டும்.

“நான் ஏர்றேன்,” என்றேன்.

“உன்னால தூக்க முடியாது. நோட்டை எடு.”

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பாளே, அந்தச் சிவப்பு எண், அங்கே பதினோரு பெண்களுக்கும் ஆறு சுமைக்காரர்களுக்கும் மேஸ்திரிக்கும் வேன் டிரைவருக்கும் முன்னால் எரிந்தது. டிரைவர் எட்டிப் பார்த்து ஏதோ சொல்லி இளித்தான். ஒட்டகம் அவனை ஒரு பார்வை பார்த்தார்.

“எழுபத்தெட்டு,” என்றாள். “எழுதும்மா.”

நான் நோட்டை மூடப்போனேன்.

“எழுது.”

எழுதினேன். அவள் கயிறுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினாள். மேஸ்திரி, அவள் தராசு, அவள் சொல்கிற எண், நான் எப்படி நம்புவது என்றான். பிறகு பேங்க் அம்மா எழுந்து வந்தார். குனிந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கவுண்டரில் சீட்டுப் படிப்பவர்போல வாசித்தார். நூற்றுப் பதினாலு. கூடார மூட்டைக்கு நூற்றுப் பதினொன்று. அடுப்புப் பெட்டிக்கு நூற்றுப் பத்து. ஒரு தடவைகூட என் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. வாசித்து முடித்ததும் வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

இதற்குள் ஒரு பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். இன்னொருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். ஐந்து நாளாகச் செய்ததெல்லாம் வீணாகிறது என்று மேடம் நிஜமாகவே துடித்தார்.

“நிறுத்தும்மா, ப்ளீஸ். நம்பர் இவங்களை எவ்வளவு காயப்படுத்தும்னு உனக்கே தெரியுமே.”

“தெரியும் மேடம். வேணாங்கறவங்க கண்ணை மூடிக்கட்டும்,” என்றாள் மகள். பெட்டி இன்னும் அவள் தலையில் இருந்தது. “எங்களுக்குக் கிலோவுக்குத்தான் கூலி.”

கழித்துப் பார்த்தேன். கூடாரம் முப்பத்து மூன்று, அடுப்பு முப்பத்திரண்டு, சரியாக இருந்தது. கயிறு மட்டும் முப்பத்தாறு. என் கழுத்து மேஸ்திரிக்கு ஒரு கிலோ சலுகை கொடுத்திருக்கிறது. ஒன்பது தடவை கயிறு தூக்கியிருந்தேன். அடித்துத் திருத்தினால் நாலாயிரத்து எண்ணூற்று முப்பது.

மேஸ்திரி மேடத்தைப் பார்த்தான். மேடம் கைப்பையைத் திறந்து ஐயாயிரத்தை எண்ணி என் கையில் வைத்தார். மீதியை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவருக்கு அது சீக்கிரம் முடியவேண்டும். நான் முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்து நூற்றெழுபதை எண்ணித் திருப்பிக் கொடுத்தேன். சில்லறையாக இருந்தது, நேரமாயிற்று. அவர் காத்திருந்தார். கோடு போட்ட தொகைக்குக் கீழே புதுத்தொகையை எழுதி, மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கினேன். போட்டுவிட்டு அவன் பேனாவை மூடினான்.

“நாளையிலிருந்து வரவேணாம்க்கா. முழங்காலுக்கு ஓய்வு குடு.”

ஒட்டகம் தன் சீட்டுகளையெல்லாம் கையில் எடுத்துக்கொண்டு அந்தத் தராசைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார், பிறகு சீட்டுகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவருக்கு அங்கே இன்னும் வேலை இருந்தது.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பன் வாங்கினேன். அவள் தூக்கிய இரண்டு நாள் சுமையையும் நோட்டில் எழுதினேன். பேனாவை வாங்கி அதன்மேல் அவளே கோடு போட்டாள். “அது பயிற்சிம்மா,” என்றாள். சிரித்த மாதிரிதான் இருந்தது, முகம் சிரிக்கவில்லை. பன்னில் பாதியைத் தின்றாள். மீதியையும் தின்றாள் என்று எழுத எனக்கு ஆசை. மீதியைத் தாளில் சுற்றி, தராசு இருந்த பைக்குள் வைத்தாள்.

பஸ் கிளம்பியதும் நோட்டைத் திறந்தேன். அந்தப் பக்கத்தில் அவளுடைய எழுபத்தெட்டு மூன்று இடத்தில் இருந்தது, மூன்று கழித்தலுக்கும் கீழ் வரியாக. நாளைக்கு யார் எடுத்துப் பார்த்தாலும் தெரியும். அதன்மேல் மை பூசப் பேனாவை வைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விடும்மா. அதை அடிச்சா கணக்கு நிக்காது.”

அடிக்கவில்லை. கீழே தேதி போட்டு, பணம் வந்து சேர்ந்தது, பாக்கி இல்லை என்று எழுதினேன்.